அட்டைப் பெட்டியில் வந்த இளவரசன்

தொலைந்தே போய்விட்டதாக நினைத்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வின் மூலம் 22 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. காரணம், ஒரு தந்தை அலமாரியைச் சுத்தம் செய்ததுதான்.

2012 மார்ச். அப்போது அமெரிக்காவின் மேற்குக் கரையில் வசித்த ஜோர்டன் மெக்னருக்கு நியூயார்க்கில் இருந்து அப்பா ஒரு பார்சல் அனுப்பினார். வீட்டைச் சுத்தம் செய்தபோது அலமாரியின் பின்பக்கம் கிடைத்த பழைய சாமான்கள். பெட்டியைப் பிரித்தால் மகன் இளவயதில் உருவாக்கிய விளையாட்டுகளின் பழைய பிரதிகள். அவற்றுக்கு நடுவே, மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகள் கொஞ்சம். மேலே ஒட்டியிருந்த சீட்டில் அவருடைய எழுத்து: பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, மூல நிரல், 1989.

மெக்னர் பல காலம் தேடிக் கைவிட்ட பொருள் அது. கடையில் விற்ற விளையாட்டு உலகமெங்கும் இருந்தது. ஆனால் அதை அவர் எழுதிய வடிவம், வரிக்கு வரி குறிப்புகளோடு கூடிய அசல், யாரிடமும் இல்லை. விற்ற விளையாட்டு இசைத்தட்டு என்றால் இது வித்வானின் கையெழுத்தில் இருக்கும் ஸ்வரக் குறிப்பு.

1990களில் இந்தியாவில் கம்ப்யூட்டர் பழகிய தலைமுறைக்கு இந்த இளவரசனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளை உடை, வெறும் கால், நிலவறை, 60 நிமிடக் கெடு. அதற்குள் கொடிய மந்திரி ஜாஃபரிடமிருந்து இளவரசியை மீட்க வேண்டும். பயிற்சி மையத்தில் ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பியதும் கறுப்புத் திரையில் 'பிரின்ஸ்' என்று தட்டிய கைகள் எத்தனையோ. கூடவே 'மெகாஹிட்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் கஷ்டமான கட்டங்களைத் தாண்டிக் குதிக்கலாம் என்ற ரகசியம் காதோடு காதாகப் பரவியது. முதல் கட்டம் முடிந்ததும் எழுத்துகள் பொறித்த குப்பிகள் வரிசையாக வரும். எதைக் குடிப்பது என்பதைக் கையேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். நகலெடுத்த ஃப்ளாப்பியில் விளையாடியவர்களிடம் கையேடு ஏது?

ஆனால் இங்கே பலர் ஆடியது 1990இல் வந்த டாஸ் பதிப்பு. அதற்கு முந்தையது 1989இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக மெக்னர் எழுதியது. அந்த முதல் பதிப்பைத் திரும்பிப் பார்த்தால் வியப்புதான் மிஞ்சுகிறது. திரையில் விரல் விட்டு எண்ணக்கூடிய நிறங்கள். இயந்திரத்தின் நினைவகம் 128 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கு இதைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும். அந்தச் சிறு இடத்துக்குள் ஒரு மனிதன் ஓடுகிறான், தாவுகிறான், விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறான். பொம்மை போல அல்ல, மூச்சு வாங்கும் மனிதனைப் போல.

அந்த அசைவு கற்பனையில் வந்ததல்ல. 1985இல் யேல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த கையோடு, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை அணிவித்து ஒரு வாகன நிறுத்துமிடத்தில் ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்தார் மெக்னர். பிறகு அதை ஒவ்வொரு கட்டமாக நிறுத்திப் புகைப்படமெடுத்து, உருவத்தின் விளிம்பை மையால் தீட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். மாதக்கணக்கில் நீண்ட வேலை. வாள் சண்டைக்குத் தம்பி போதவில்லை. 1938இல் வெளியான ராபின் ஹூட் படத்தில் எர்ரல் ஃபிளின்னும் பேஸில் ராத்போனும் மோதும் இறுதிச் சண்டையில் இருந்து அசைவுகளை எடுத்துக்கொண்டார். இசை? அதுவும் வீட்டுச் சமாசாரம்தான். உளவியலாளரான அப்பா பிரான்சிஸ் மெக்னர் அமைத்துக் கொடுத்தார்.

விளையாட்டின் மிக நயமான பாத்திரம் பிறந்தது இடப் பற்றாக்குறையில். இளவரசனின் அசைவுகளே நினைவகத்தைத் தின்றுவிட்டதால் எதிரிகளுக்கு இடமில்லை. எதிரி இல்லாத விளையாட்டு சப்பென்று இருக்கிறது என்றார் உடன் பணியாற்றிய டோமி பியர்ஸ். இளவரசனின் படத்தையே சற்று நகர்த்தி அதன் மீதே வைத்துக் கழித்தால் மங்கலாக மினுங்கும் ஓர் உருவம் கிடைக்கிறது. புதுப் படம் தேவையில்லை, கூடுதல் இடமும் தேவையில்லை. அப்படி வந்தவன்தான் நிழல் மனிதன். நான்காம் கட்டத்தில் இளவரசன் கண்ணாடியை ஊடுருவிப் பாயும்போது மறுபக்கமாகத் தெறித்து ஓடுகிறான். பிறகு மருந்தைத் திருடுகிறான், கதவை மூடிப் பள்ளத்தில் விழவைக்கிறான். கடைசியில் எதிரே வாளோடு நிற்கிறான். அவனை வெட்டினால் இளவரசனுக்குத்தான் காயம். வாளை உறையில் போட்டுவிட்டு நேரே நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். இந்த விடையைத் தாமாகவே கண்டுபிடித்த சிறுவர்கள் அந்தக் கணத்தை மறந்திருக்க வாய்ப்பில்லை.

இவ்வளவு உழைத்தும் முதல் பதிப்பு விலைபோகவில்லை. அது கடைக்கு வந்தபோது ஆப்பிள் 2 இயந்திரத்தின் காலமே முடிந்துகொண்டிருந்தது. வேறு கம்ப்யூட்டர்களுக்கு மாற்றப்பட்ட பிறகுதான் இளவரசன் வென்றான். 2003இல் யூபிசாஃப்ட் நிறுவனம் 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' என்று புத்துயிர் கொடுத்தது. 2010இல் டிஸ்னி திரைப்படமாக்கியது. புகழ் வளர்ந்தது, மூலம் மட்டும் காணாமல் போயிருந்தது.

எனவே பெட்டி கிடைத்ததும் மெக்னர் அவசரப்படவில்லை. காந்தப் பூச்சு நிரந்தரமானதல்ல. ஆண்டுகள் போகப் போகத் தகவல் மங்கும். பழுதான கருவியில் போட்டால் தட்டே கீறிப்போகும். ஒரே ஒரு தவறான முயற்சி கடைசி முயற்சியாகிவிடலாம். டிஜிட்டல் பழமையைக் காப்பதையே வேலையாகக் கொண்ட ஜேசன் ஸ்காட்டும், ஆப்பிள் 2 இயந்திரங்களைச் சேகரிக்கும் டோனி டயஸும் ஏப்ரலில் பழைய கருவிகளோடு வந்து சேர்ந்தார்கள். ஃப்ளாப்பிகள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. 6502 சில்லுக்கான அசெம்பிளி மொழி வரிகள் திரையில் தோன்றின. மெக்னர் அவற்றைப் பெட்டியில் பூட்டவில்லை. கிட்ஹப் தளத்தில் யாரும் படிக்கும்படி வெளியிட்டார். இருபது வயதுகளில் ஓர் இளைஞன் இடத்தை மிச்சம் பிடிக்க என்னென்ன தந்திரம் செய்தான் என்பதை இன்று எந்த மாணவரும் பார்க்கலாம்.

இதை வெறும் விளையாட்டுச் செய்தி என்று தள்ளிவிட முடியாது. ஓலைச் சுவடி கரையானுக்குத் தப்பினால் நூற்றாண்டுகள் கழித்தும் கண்ணால் படிக்கலாம். ஃப்ளாப்பி அப்படியல்ல. தட்டு பிழைக்க வேண்டும், அதைப் படிக்கும் கருவி பிழைக்க வேண்டும், வடிவம் தெரிந்த ஆளும் பிழைக்க வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் எல்லாம் போயிற்று. யூனிகோடு பரவும் முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழைத் தட்டச்சு செய்து சேமித்தவர்களுக்கு இது தெரியும். அந்தக் கோப்புகளை இன்று திறந்தால் வருவது தமிழல்ல, புரியாத குறிகளின் ஊர்வலம்.

பழைய ஆப்பிள் இயந்திரம் போலவே நடிக்கும் மென்பொருள்களில் முதல் இளவரசன் இப்போதும் ஓடுகிறான். அது 1985இல் டேவிட் ஓடிய அதே ஓட்டம். தம்பி ஓடினார், அப்பா இசையமைத்தார், அண்ணன் எழுதினார். கடைசியில் காப்பாற்றியதும் அதே அப்பாதான். அலமாரியைச் சுத்தம் செய்யும் அப்பாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இவர் செய்த ஒரே வித்தியாசம், பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் எடை போடாமல் மகனுக்கு அனுப்பியதுதான்.