நாற்பது வயசில் பி.இ. படிக்கலாமா?

பாலிடெக்னிக் முடித்து, மில்லிலும் ஒர்க்‌ஷாப்பிலும் பதினைந்து வருஷம் உழைத்தவர்கள் மாலை நேரக் கல்லூரியில் பி.இ. சேர்வது கோவையில் பல வருஷமாகப் பார்க்கிற காட்சிதான். ஷிப்ட் முடித்து வகுப்புக்குப் போய், ஒன்பதரை மணிக்கு வீடு திரும்புகிற குடும்பத் தலைவர்கள்!

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒருவர் என்னிடம் வந்தார். வயசு நாற்பத்திரண்டு. "வைத்தியரய்யா, கணக்கு மண்டையில ஏற மாட்டேங்குது. வல்லாரை லேகியம் குடுங்க. இல்லேன்னா படிப்பையே விட்டுடலாம்னு இருக்கேன்." ஃபீஸுக்காக மனைவியின் வளையல் அடகில் இருந்தது.

நாடி பார்த்தேன். பிறகு ஒரு வாரப் பத்திரிகையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கையை நீட்டி, தள்ளிப் பிடித்துப் படித்தார்! நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் இறுகத் தொடங்கும். கிட்டத்து எழுத்து மங்கும். நம் பெரியவர்கள் இதைத்தான் வெள்ளெழுத்து என்றார்கள். பத்து வரி படித்ததும் தலைவலி, சலிப்பு. நாமோ மூளை மழுங்கிவிட்டது என்று பயப்படுகிறோம். கண் டாக்டரிடம் போக வேண்டியவர் லேகியம் கேட்டு வந்திருந்தார்.

மூளை இந்த வயசிலும் வளைந்து கொடுக்கும். லண்டனில் டாக்ஸி லைசென்ஸ் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மூன்று, நான்கு வருஷப் படிப்பு. அதற்குப் படித்த 79 பேரின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். பாஸான 39 பேருக்கு, ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்தது. அத்தனை பேரும் வயசு வந்தவர்கள்தான்!

சரி, பிறகு ஏன் ஏறவில்லை? ராத்திரி ஒரு மணி வரை விழித்துப் படித்து, ஐந்துக்கு எழுந்தால் எப்படி ஏறும்? படித்தது மனசில் படிவதே தூக்கத்தில்தான். சித்த மருத்துவக் கணக்கில் 34 முதல் 66 வரை பித்த காலம். கண் விழித்தால் பித்தம் ஏறும். கண் எரியும், நெஞ்சு கரிக்கும், பேச்சும் எரிச்சலாக வரும். (வீட்டில் பிள்ளைகள் ஏன் திட்டு வாங்குகிறார்கள் என்று புரிகிறதா?)

பதினொன்றுக்குள் படுத்துவிடுங்கள். காலையில் ஒரு மணி நேரம் போதும். ஆனால் சும்மா வாசிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, அதே கணக்கைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். மூன்று நாள் கழித்து மறுபடியும் போடுங்கள். சாயங்காலம் ஆறுக்கு மேல் காபி வேண்டாம். வகுப்புக்கு முன்னாலேயே வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டால், ராத்திரி இரண்டு இட்லியோடு முடித்துவிடலாம்.

மூலிகையே வேண்டாமா என்கிறீர்களா? நீர்ப்பிரமியை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2001-ல் வெளிவந்தது. 12 வாரம் சாப்பிட்ட பிறகுதான் ஞாபகத்தில் பலன் தெரிந்தது. பரீட்சைக்கு முந்தின வாரம் கடையில் வாங்கி விழுங்குவது வீண். வல்லாரை வேறு மூலிகை. துவையலாக வாரம் இரண்டு நாள் சாப்பிடுங்கள், நல்லது. கணக்கை அது போட்டுத் தராது!

உடம்பைப் பார்த்துக்கொண்டால் மட்டும் போதாது, சேருகிற இடத்தையும் பாருங்கள். அஞ்சல் வழி பி.இ. என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாமல் அப்படி நடத்தியது பற்றி 2017-ல் சுப்ரீம் கோர்ட் கடுமையான தீர்ப்பு கொடுத்தது. பலருடைய பட்டம் செல்லாமல் போயிற்று. மாலை வகுப்புக்குப் போக முடியாதவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.சி.ஏ. இருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு, ஆறு வருஷம் வரை எடுத்துக்கொள்ளலாம். ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள் அந்த ஆறு வருஷத்தையே கணக்கில் வைத்துக்கொண்டு சேருங்கள்.