எஞ்சினுக்கு எண்ணெய் ஸ்நானம்

சனிக்கிழமை காலையில் ஆண்பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நம் நாட்டு வழக்கம். தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் அந்த வழக்கத்தை நினைத்துக்கொள்ளும் என்னைப் போன்ற சோம்பேறிகளும் உண்டு, அது கிடக்கட்டும். சமீபத்தில் ஒரு சனிக்கிழமை ஓசூரில் நான் பார்த்த எண்ணெய் ஸ்நானம் வேறு தினுசு. குளித்தது மனிதர் அல்ல. மூன்று சிலிண்டர் டீஸல் எஞ்சின் பூட்டிய ஒரு சின்ன லாரி. குளிப்பாட்டியவர் அதன் சொந்தக்காரர். இடம், அவர் வீட்டு வாசல். கோலத்தை மிதித்துவிடாமல் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தியிருந்தார்.

ஓசூர் என்றதும் பெரியவர்களுக்கு ராஜாஜியின் நினைவு வரும். 1878-ம் வருஷம் அவர் பிறந்த தொரப்பள்ளி இந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமந்தான். இன்றைக்கு ஓசூர்க்காரர்களைக் கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது தொழிற்சாலைகளின் பெயர்களை. எண்ணூரில் லாரி செய்துகொண்டிருந்த அசோக் லேலண்ட் கம்பெனி 1980-ல் இங்கே தொழிற்சாலை திறந்தது. 2011-ல் 'தோஸ்த்' என்ற சிறிய சரக்கு வண்டியை வெளியிட்டபோது அதையும் ஓசூரிலேயே தயாரித்தது. நான் பார்த்த வண்டி அந்த ஜாதி. ஆகவே அதற்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே ஊர்! நாத்தனார் கொடுமை உண்டா என்று விசாரித்தேன். "அதெல்லாம் இல்லீங்க ஸார், மாமியார்தான் கொஞ்சம் கண்டிப்பு" என்றார் சொந்தக்காரர், வாசற்படியில் நின்ற மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தபடி. அந்த அம்மாள் கையில் ஒரு டார்ச் விளக்கும், கணக்கு நோட்டும் இருந்தன.

இவர் ராயக்கோட்டைத் தக்காளியையும், மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி மாம்பழத்தையும் பெங்களூருக்கு ஏற்றிச் செல்பவர். ஏற்றும் இடத்தில் தமிழ், வழியில் தெலுங்கு, இறக்கும் இடத்தில் கன்னடம் என்று மூன்று பாஷையிலும் பேரம் பேசுவார். வண்டியின் பேரில் கடன் இருக்கிறது. மாதம் பிறந்தால் 'டியூ' கட்டியாக வேண்டும்.

"ஆயில் மாற்ற ஒர்க்ஷாப்புக்குப் போகக் கூடாதோ?" என்று கேட்டேன்.

"ஒர்க்ஷாப்புல விட்டா அரை நாள் போயிடுதுங்க. கூலிகூடப் பெரிசில்ல, என்ன ஆயில் ஊத்தினாங்க, பில்டர் மாத்தினாங்களா, துடைச்சு வச்சாங்களா, நமக்கு எப்படித் தெரியும்? இங்கே என் கையால நான் ஊத்தறேன்."

நியாயமான பேச்சு. ஆனால் வாரண்டி முடியாத புது வண்டிக்கு இது செல்லாது. கம்பெனி சொன்ன இடத்தில் சர்வீஸ் செய்து ரசீதைப் பத்திரப்படுத்துவதே புத்திசாலித்தனம். இவருடைய வண்டிக்கு வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது.

எஞ்சின் ஆயிலை ஏன் மாற்ற வேண்டும்? நம் வீட்டு ஸ்திரீகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வடை சுட்ட எண்ணெயை எத்தனை தரம் காய்ச்சலாம் என்று அவர்களுக்குத் தெரியும். பெட்ரோல் எஞ்சினில் ஒரு தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீஸல் எஞ்சினில் பொறியே கிடையாது. காற்றைப் பலமாக அமுக்கினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அதில் டீஸலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ப் டீஸல் என்ற ஜெர்மானியர் 1893-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. (பாவம், 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர் நடுவழியில் காணாமற் போனார்.) இப்படி எரியும்போது உண்டாகும் கரியில் ஒரு பங்கு எஞ்சின் ஆயிலில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் புது ஆயில் ஊற்றிச் சில நாள் ஓட்டுவதற்குள்ளேயே டீஸல் வண்டியின் ஆயில் மை மாதிரி கறுத்துவிடுகிறது. அதைப் பார்த்து, "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்!" என்று சண்டைக்குப் போகாதீர்கள். கரியை ஒட்டவிடாமல் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும் மருந்து அந்த ஆயிலில் கலந்திருக்கிறது. துணி துவைத்த சோப்புத் தண்ணீர் கறுத்தால் சோப்பு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? ஆனால் அந்த மருந்துக்கும் ஆயுள் உண்டு. நிறத்தைப் பார்த்து அதை அறிய முடியாது. வண்டியோடு வந்த கையேட்டில் எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் அந்த அம்மாள் நோட்டில் எழுதி வைக்கிறாள்.

ஆயில் டப்பாவின் மேல் '15 டபிள்யூ 40' என்று அச்சடித்திருந்தது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில வார்த்தையின் முதலெழுத்து. மார்கழி மாதம் ஓசூரில் விடியற்காலை எழுந்து நெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள், ஒரு சொட்டு விழாது. எஞ்சின் ஆயிலும் குளிரில் கெட்டியாகும்; சூட்டில் நீர்த்துப் போகும். முதல் எண் சிறியதாக இருந்தால் குளிரிலும் சுலபமாக ஓடும். இரண்டாவது எண் பெரியதாக இருந்தால் சூட்டிலும் கெட்டித்தன்மை குறையாது. எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடவும் கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் 'பி.எஸ். 6' விதி வந்த பிறகு வெளிவந்த பல டீஸல் வண்டிகளில் புகைக் குழாயிலேயே கரி வடிகட்டி இருக்கிறது. அவற்றுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். பழைய ரகத்தை ஊற்றினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டு, லாபத்தைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும்.

வேலை ஆரம்பமாயிற்று. எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினார். ஆயில் வெதுவெதுப்பானால் அடியில் தங்கிய அழுக்கையும் இழுத்துக்கொண்டு வரும். அதற்காகக் கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். உயரமான வண்டியானதால் ஜாக்கி தேவைப்படவில்லை. தாழ்வான கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. உறுதியான ஸ்டாண்டு கொடுக்காமல் தலையை உள்ளே விடவே கூடாது.

அடியிலிருந்த திருகை ஸ்பானரால் தளர்த்தினார். கறுப்பு எண்ணெய் ஒரு வீச்சில் பாய்ந்து தட்டில் விழுந்தது. முதலில் கயிறாக, பிறகு நூலாக, பிறகு சொட்டாக. கால் மணி நேரம் அதைத் தொடவில்லை. "கடைசிச் சொட்டுலதான் ஸார் விஷயமே இருக்குது" என்றார். திருகின் வாஷரைப் புதிதாகப் போட்டு மூடியபின் பில்டரிடம் போனார்.

இந்த பில்டர் நம் வீட்டு காப்பி பில்டருக்குத் தூரத்து உறவு. தகர டப்பாவுக்குள் மடித்து மடித்து வைத்த காகிதம். ஆயில் அதன் வழியே வடிந்து போகும். 1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் இதன் மூதாதையைக் கண்டுபிடித்து, எஞ்சினுக்குப் போகுமுன் 'ப்யூர் ஆயில் லேட்டர்' என்ற அர்த்தத்தில் 'ப்யூரலேட்டர்' என்று பெயர் வைத்தார். பெயர் வைப்பதில் நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல என்று வையுங்கள். பில்டர் முழுக்க அடைத்துப் போனால் எஞ்சின் பட்டினி கிடக்கக் கூடாதென்று உள்ளே ஒரு சிறு கதவு திறந்துகொள்ளும். அப்போது வடிகட்டாத அழுக்கு ஆயில்தான் சுற்றி வரும். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு பில்டரை விட்டுவிடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

பழைய பில்டர் கழன்று வந்தது. அவர் புதியதை எடுத்தார்.

"என்னங்க! நில்லுங்க."

அந்த அம்மாள் படியிறங்கி வந்தாள். பழைய பில்டரை வாங்கித் திருப்பி, டார்ச் அடித்து, அதன் விளிம்பை விரலால் தடவினாள். கறுப்பு ரப்பர் வளையம் அதிலேயே இருந்தது. பிறகு குனிந்து, எஞ்சினில் பில்டர் உட்காரும் இடத்திலும் வெளிச்சம் காட்டிப் பார்த்தாள். "சரி, போடுங்க" என்றாள்.

நான் விழித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு முதல் தடவையாக அவரே ஆயில் மாற்றினாராம். பழைய பில்டரின் ரப்பர் வளையம் அதோடு வராமல் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. அதன் மேலேயே புது பில்டரை, அதன் புது வளையத்தோடு, முறுக்கிவிட்டார். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று. கசியவில்லை, ஒழுகவில்லை. நாலு நாள் நன்றாகவே ஓடிற்று. ஐந்தாம் நாள் கிருஷ்ணகிரியில் மாம்பழம் ஏற்றிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் திரும்பினார். மேலுமலை ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது ஆயிலின் அழுத்தத்தில் வளையம் பிதுங்கிவிட்டது. டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"பல்புதான் கோளாறுன்னு நெனச்சேன் ஸார். சூளகிரி போய்ப் பார்த்துக்கலாம்னு ஓட்டிட்டேன்."

சூளகிரி வரை எஞ்சின் வரவில்லை. ஆயில் இல்லாத எஞ்சினுக்குச் சில நிமிஷமே போதும். பேரிங்கும் கிராங்கும் ஒன்றையொன்று தின்றுவிடும். மாம்பழம் வேறு வண்டிக்கு மாறியது. எஞ்சின் மேஸ்திரியிடம் போயிற்று. மூன்று மாதத் தவணை நின்றது. அந்த அம்மாளின் இரண்டு தங்க வளையல்களும் அடகுக் கடைக்குப் போயின.

அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த ஊர், அடுத்த பெட்ரோல் பங்க் என்று கணக்குப் போடக் கூடாது. அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். இதை எழுதுவதற்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுதலாம் போலிருக்கிறது.

புது பில்டரின் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவினார். கையாலேயே திருகி, வளையம் முட்டியதும் இன்னும் முக்கால் சுற்று. ஸ்பானர் போட்டு இறுக்கவில்லை. அளந்து ஆயில் ஊற்றினார். அதிகம் ஊற்றினால் நல்லதுதானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அளவு மிஞ்சினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். மிகவும் மிஞ்சினால் ஆயில் காற்றுக் குழாய் வழியே உள்ளே போய், டீஸலுக்குப் பதிலாக அதுவே எரிய ஆரம்பிக்கும். அப்புறம் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. பேய் பிடித்த மாதிரி அலறும்!

இதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் காலி டப்பாவோடு வந்தார். "அண்ணே, அந்தக் கழிவு ஆயிலைக் குடுங்க, கரையானுக்கு ஊத்தணும்." கரையானுக்கு ஊற்றுவது, சென்டரிங் பலகைக்குத் தடவுவது, ஒன்றுமில்லாவிட்டால் சாக்கடையில் கொட்டுவது என்பதுதான் ஊர் வழக்கம். 2016-ம் வருஷத்து விதிப்படி இது அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் முதல், விற்கும் கம்பெனிகளே பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுத்தம் செய்யப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் சட்டம் வந்திருக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணையாறு வெள்ளை வெளேரென்று நுரை தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு, கண்ட கழிவையும் தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் நண்பர் டப்பாவை இறுக மூடி, "இது சேகரிக்கறவருக்குப் போகுதுங்க. கெணத்துத் தண்ணியை நாமதானே குடிக்கணும்" என்று சொல்லிவிட்டார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நண்பர் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினார். பழைய ஆயில் தோலுக்கு ஆகாது.

பிறகு வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டு வாய்க்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... நாலு எண்ணுமுன் விளக்கு அணைந்தது. டார்ச்சோடு கீழே குனிந்து பில்டரையும் திருகையும் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட இல்லை. எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிஷம் பொறுத்து, அளவுக் குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார். இரண்டு கோடுகளுக்கும் நடுவே, மேல் கோட்டை ஒட்டினாற்போல் நின்றது.

அந்த அம்மாள் நோட்டில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவிட்டு, "காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க ஸார்" என்று உள்ளே போனாள். டம்ளரை நீட்டியபோது கவனித்தேன். வலது கையில் ஒரு தங்க வளையல் இருந்தது. இடது கையில் கண்ணாடி வளையல்கள்தான். நான் பார்ப்பதை நண்பர் பார்த்துவிட்டார்.

"ஒண்ணு மீட்டாச்சுங்க. இன்னொண்ணு அடுத்த ஆயில் மாத்தறதுக்குள்ள" என்றார்.