கடல் கடந்து வந்த குதிரை

தாமிரவருணி கடலோடு கலக்குமிடத்துக்கு அருகே பழையகாயல் என்னும் ஊர் இருக்கிறது. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1290களில் கண்டெழுதிய பாண்டியர் துறைமுகமாகிய காயல் இதுவே என்று கால்டுவெல் துணிந்தார். ஹோர்மூசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் இங்கே வந்தன. சரக்கின்மேல் தோலைப் பரப்பி, அதன்மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவருவார்களாம். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய அவற்றுள் மிகப் பல, பேணுவார் இன்றி மாண்டன என்கிறார் போலோ. வெப்பமும் ஒரு காரணமாயிருக்கலாம். அச்சமும் சிறு காரணமன்று.

அலைகடலில் நாட்கணக்கில் கட்டுண்டு, மிரண்டு இறங்கிய குதிரையை எவ்வாறு அணுகுவது? குதிரை, எதிர்த்து நிற்பதைவிட ஓடித் தப்புவதையே நாடும் விலங்கு. மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குப் பார்வை இல்லை. ஆதலால் தோட்பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டு செல்லவேண்டும். தலை நிமிர்த்து மிரண்டால் அங்கேயே நிற்கவேண்டும். அமைதியுற்றதும் நாம் ஓரடி பின்வாங்கவேண்டும். இக்கலையின் உயிர்நிலை இப்பின்வாங்குதலே. அமைதியாக நின்றால் நெருக்குதல் நீங்கும் என்று குதிரை கற்றுக்கொள்கிறது. சில நாளில் தானே நெருங்கி நம் கையை முகரும். அப்போதும் நெற்றியைத் தொடலாகாது. பிடரி முடியும் இடத்தையே தடவவேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அது. அங்கே தடவினால் இதயத் துடிப்புத் தணிவதை இக்கால ஆய்வாளர் அளந்து கண்டிருக்கின்றனர். சேணம் அதற்கும் பிறகுதான்.

இத்தகைய பொறுமை காயலில் யாருக்கும் ஆதாயம் தரவில்லை போலும். குதிரை மருத்துவர் எவரையும் வணிகர்கள் இங்கே வரவிடவில்லை; பழைய குதிரை மாண்டால்தானே அடுத்த கப்பலுக்கு விலை கிடைக்கும் என்று, வணிகர் மகனான போலோவே எழுதி வைத்திருக்கிறார்.