பதின்மூன்றாவது ரீசார்ஜ்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, 299 போடுங்க" என்பதுதான் அதிகம் கேட்கும் குரல். தினம் 1.5 ஜிபி, 28 நாள். ஜியோவில் இதுவே 2024 ஜூலைக்கு முன் 239 ரூபாய். 28 நாள் கணக்கில் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். அந்தப் பதின்மூன்றாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மாதக்கணக்குத் திட்டமும் இருக்க வேண்டும் என்று 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது. கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

அதே ஜூலை விலை உயர்வில் 84 நாள் திட்டம் 799 ஆனது. மூன்று 299 போட்டால் 897. மிச்சம் 98 ரூபாய் என்று தெரிந்தும் சின்னதையே கேட்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளி கையில் ஒரே நாளில் 800 ரூபாய் நிற்குமா?

299 திட்டத்தில் ஒரு ஜிபி ஏறக்குறைய ஏழு ரூபாய், மலிவுதான். ஆனால் தினசரி டேட்டாவில் மீந்தது நள்ளிரவோடு போய்விடும். ஒடிசாவில் இருக்கும் பிள்ளையை வீடியோவில் பார்க்கிறவருக்கு எதுவும் மிஞ்சாது. லாக்கரில் போனை வைத்துவிட்டு ஷிப்ட் போகிறவருக்குப் பாதி வீண். பட்டன் போன் அம்மாவுக்கோ முழுவதும் வீண். 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்ட பிறகுதான், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டுமான திட்டங்கள் கட்டாயமாயின.

அதனால் ரீசார்ஜ் கேட்டு வருபவரின் போனை நான் முதலில் வாங்கி, செட்டிங்ஸில் போன மாத டேட்டாக் கணக்கைப் பார்ப்பேன். விலைப்பட்டியல் அப்புறம்தான்.