எண்ணும் வாழ்வும் – 9: தறி ஓடுகிறதா, நிற்கிறதா?

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடம் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’. கடைசி என்பதாலேயே பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் அதற்கு முறை வருகிறது. நாணயத்தைச் சுண்டி, பகடையை உருட்டி, சூத்திரத்தை மனப்பாடம் செய்து முடித்துவிடுகிறோம். ஆரணிப் பக்கத்து தேவிகாபுரத்தில் பெரியநாயகி அம்மன் கோயிலைச் சுற்றிப் பட்டுத்தறிகள் இருக்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கப் பகடையே வேண்டாம். பாடத்துக்கு வேண்டிய எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் நூல். பட்டின் கனத்தை டெனியரில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். அவ்வளவு நீளத்தை எடை போட முடியாது என்பதால் 450 மீட்டரைச் சிட்டமாகச் சுற்றி நிறுத்து, கிடைத்த எடையை 20-ஆல் பெருக்குகிறார்கள். கச்சாப் பட்டில் 20/22 என்று போட்டிருந்தால் கனம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் என்று பொருள். ஒரே எண்ணாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் புழு. கூட்டின் உட்புறம் போகப் போக அது விடும் இழை மெலிந்துவிடும். பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து நூல் எடுப்பவர், ஒன்று மெலியும்போது புதுக்கூட்டின் இழையைக் கொடுத்து ஈடுகட்டுகிறார். கை தேர்ந்தவர் எடுத்தாலும் ஏற்ற இறக்கம் கொஞ்சம் இருக்கவே செய்யும்.

கணக்குக்காக இரண்டு வகை நூலை எடுத்துக்கொள்வோம். முதல் வகையில் ஐந்து சிட்டங்கள்: 20, 21, 21, 21, 22 டெனியர். இரண்டாவது வகையிலும் ஐந்து: 17, 19, 21, 23, 25. இரண்டுக்கும் சராசரி 21. சராசரியை மட்டும் பார்த்து வாங்கினால் இரண்டும் ஒரே சரக்கு. ஆனால் திட்ட விலக்கம் முதலாவதில் 0.63, இரண்டாவதில் 2.83. மாறுபாட்டுக் கெழு சுமார் 3 சதவீதம், 13.5 சதவீதம். இரண்டாவது நூலை ஊடையாகக் கொடுத்தால் புடவையில் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும். கச்சாப் பட்டைத் தரம் பிரிக்கும் சோதனையில் திட்ட விலக்கமும் ஓர் அளவுகோல் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால், அந்தச் சூத்திரம் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்து தறி. எல்.எச்.சி. டிப்பெட் என்ற புள்ளியியலாளர் 1925-ல் மான்செஸ்டரில் பருத்தித் தொழிலுக்கான ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆலைகளில் தறி எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடிகாரத்தோடு ஒவ்வொரு தறி முன்னும் நாள் முழுக்க ஓர் ஆளை நிறுத்துவது கட்டுப்படியாகாது. வழியைக் காட்டியவர் ஒரு நெசவுக்கூட மேலாளர். உள்ளே நுழைந்ததுமே வேலை எப்படி நடக்கிறதென்று தனக்குத் தெரிந்துவிடும் என்றார் அவர். நெசவாளர்கள் பெரும்பாலும் குனிந்து அறுந்த பாவு இழையை முடிந்துகொண்டிருந்தால் நிலைமை சரியில்லை. நிமிர்ந்து ஓடும் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் ஒழுங்கு. இதையே டிப்பெட் முறைப்படுத்தினார். எதேச்சையான நேரங்களில் போய் ஒரு பார்வை பார்த்து ‘ஓடுகிறது’, ‘நிற்கிறது’ என்று குறித்தாலே போதும். ஒன்பதாம் வகுப்பில் படித்த பட்டறி நிகழ்தகவு இதுதான்.

இதை அப்படியே தேவிகாபுரத்தில் செய்யலாம். காலை 6 முதல் மாலை 6 வரை பத்து நிமிடத்துக்கு ஒன்றாக 72 சீட்டு எழுதிக் குலுக்கி, வந்த நேரங்களில் மட்டும் பார்க்க வேண்டும். பள்ளிவிட்டு வந்து தினமும் ஐந்து மணிக்குப் பார்த்தால் கிடைப்பது ஐந்து மணியின் விடை. ஞாயிறு மட்டும் பார்த்தால் ஞாயிற்றின் விடை. பள்ளி நேரத்துச் சீட்டுக்கு வீட்டில் இருப்பவர் குறித்து வைக்கட்டும். நின்றால் ஏன் என்றும் எழுத வேண்டும்: இழை அறுந்ததா, தார் மாற்றமா, பாவு பிணைப்பா, ஜரிகை வரவில்லையா, மழை ஈரமா. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் காரணப் பத்திதான். கூலி புடவைக்குத்தான் கிடைக்கிறது, நேரத்துக்குக் கிடைப்பதில்லை. தறி நின்ற நேரமெல்லாம் அம்மா அப்பாவின் கூலியில்லாத நேரம். எந்தக் காரணம் எவ்வளவு தின்கிறது என்று இதுவரை மனக்கணக்காகச் சொல்லிவந்ததை, பிள்ளை எண்ணாக எடுத்துக்கொடுக்க முடியும்.

நூறு பார்வையில் எழுபது முறை ஓடியிருந்தால் நிகழ்தகவு 0.7 என்று எழுதிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. இன்னொரு நூறு பார்த்தால் 66 வரலாம், 74-ம் வரலாம். 0.7-ஐயும் 0.3-ஐயும் பெருக்கி, நூறால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.046. அதன் இரு மடங்கை இரு பக்கமும் விட்டுப் பார்த்தால் 61 முதல் 79 சதவீதம் வரை. இந்த இடைவெளியைப் பாதியாக்க நினைத்தால் 200 பார்வை போதாது, 400 வேண்டும். வர்க்கமூலத்தின் வேலை அது.

இந்தக் கணக்கு சரியாக வர, ஒரு பார்வை இன்னொன்றைப் பாதிக்கக் கூடாது. ஒரே வீட்டின் இரண்டு தறிகளை ஒரே நிமிடத்தில் பார்த்தால் இரண்டு பார்வை ஆகிவிடாது. வீட்டில் விசேஷம் என்றால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். அடைமழையில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் தெருவே நின்றுவிடும். நூறு பார்வையையும் ஒரே மழைநாளில் முடித்தவருக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட ஒரு பார்வைதான். அதனால் பார்வைகளைப் பல வீடுகளுக்கும் பல வாரங்களுக்கும் பரப்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகைக்குத் தனி நோட்டு போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.