உறங்கும் எஞ்சினை எழுப்புதல்

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார்கள் சில இன்னும் கொட்டகைகளில் உறங்குகின்றன. புது பாட்டரி பூட்டி உடனே சாவியைத் திருப்புவோர் உண்டு. அதைவிடக் கொடுமை வேறில்லை! ஆண்டுக்கணக்கில் ஓடாத எஞ்சினில் எண்ணெய் அடியில் வடிந்திருக்கும்; பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். வலிந்து சுழற்றினால் வளையம் முறியும், சுவர் கீறும்.

மெக்கானிக்கான என் தந்தையார் பெட்ரோல் எஞ்சினாயின் முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, துளைவழியே சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுவார். பின்னரே கையால் மெல்லச் சுழற்றுவார். பிளக் இல்லாததால் காற்றின் எதிர்ப்பு இராது. எங்கே இறுகுகிறதெனக் கை அறியும்.

பழைய பெட்ரோல் ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஆகவே டாங்க்கைக் கழுவி, எண்ணெய் மாற்றி, ஸ்டார்ட்டரைச் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறிய பிறகே பிளக்குகளைப் பூட்டுவார். முதலில் நீலப்புகை வரும்; ஊற்றிய எண்ணெய் எரிவதுதான், அஞ்சவேண்டாம்.