தண்ணீர் கேட்கவில்லை வெண்டை

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த நேரம். ராத்திரி திண்ணை விளக்கில் விரல் நகம் அளவு பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. வெளிறிய இறக்கை, நடுவில் ஆப்பு வைத்தாற்போல் பச்சைப் பட்டை. அழகாக இருக்கிறதே என்று பார்த்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

பத்து நாளில் வெண்டைக் குருத்துகள் தலை தொங்கின. தண்ணீர் பற்றவில்லை என்று பாய்ச்சினேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி ஒரு குருத்தைக் கிள்ளிப் பிளந்து காட்டினார். உள்ளே புழு. "சார், செடி தண்ணி கேக்கல. இது துளைப்பான்லா!" என்றார்.

ஏரியஸ் விட்டெல்லா என்ற புள்ளிக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சிதான் அது. குருத்து, மொட்டு, பிஞ்சில் ஒவ்வொன்றாக முட்டையிடும். 3, 4 நாளில் பொரிக்கும் புழு முதலில் குருத்தையும், காய் வந்ததும் காயையும் துளைக்கும். துளை வாயில் எச்சம் அடைத்திருக்கும், காய் வளையும். இரண்டு வாரம் தின்றபின், கவிழ்த்த படகு போன்ற கூட்டைச் செடியிலோ சருகிலோ கட்டும். மேலும் ஒன்றிரண்டு வாரத்தில் பூச்சி. ஆக, மாதத்துக்கு ஒரு தலைமுறை. வட்டிக்கு வட்டி ஏறுவது போலத்தான்.

நான் செய்த தப்பு இரண்டு. சொத்தைக் காய்களைப் பறித்து வரப்பிலேயே போட்டேன். புழு அங்கேயே கூடு கட்டித் திரும்பி வந்தது. மூலத்துக்கு மருந்தாச்சே என்று துத்தியை வேலியோரம் விட்டுவைத்தேன். வெண்டை இல்லாத காலத்தில் அதுதான் இதற்குச் சாப்பாடு. பாவூர்சத்திரம் சந்தைக்கு 40 கிலோ போக வேண்டிய நாளில் 22 கிலோதான் தேறியது.

இப்போது செய்வது இவைதான்:

வாடிய குருத்தைப் புழுவோடு கிள்ளி, சொத்தைக் காயையும் சேர்த்து, சோப்புத் தண்ணீரில் முக்கி அழிக்கிறேன். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி. கத்தரிப் புழுவுக்கான லூர் இதற்கு உதவாது; இந்தப் பூச்சிக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். பூச்சி விழ ஆரம்பித்ததும் டிரைக்கோகிரம்மா அட்டை, ஏக்கருக்கு 2 சிசி. பிறகு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல்: 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மழை இல்லாத சாயங்காலம் தெளிக்கிறேன்.

புழு காய்க்குள் போனபின் எந்தக் கரைசலும் எட்டாது. அதனால் விளக்கில் பச்சைப் பட்டையைக் கண்டால், மறுநாள் காலையிலேயே குருத்தைப் பாருங்கள்.